ரோடா அண்ணியின் பீப்பாய்

என் அண்ணி ரோடா பிரூயிட்டைப் பற்றி ஹாப்ஸ் ஓடைப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான் வரும். வாயைத் திறக்க மாட்டாள், திறந்தால் எதிரில் இருப்பவனுக்கு வாய் இருக்காது. நான் அவளுடைய கொழுந்தன், பார்னபி. என்னைப் பற்றி ஊரில் விசாரிக்க வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் வர்ஜீனியாவில் பிறந்தவள் இல்லை. பதிமூன்று வயதில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகத்தில் கப்பலேற்றி, ஏழு வருஷ ஒப்பந்த வேலைக்காரியாக இங்கே இறக்கினார்கள். ஏழு வருஷமும் ஒரு பெரிய தோட்டக்காரர் வீட்டு அடுக்களையில் கிடந்தாள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொதிநீர் பட்ட தழும்பு உண்டு. அதை யார் ஊற்றினார்கள் என்று என் அண்ணன் கில்பர்ட்டிடம்கூட அவள் சொன்னதில்லை. ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த மாதமே அவனைக் கட்டிக்கொண்டாள். ஐம்பது ஏக்கர் மண், ஒரு கிழட்டுப் பெண்குதிரை, ஒரு பெண்பிள்ளை. அதற்குமேல் அவள் எதற்கும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒரு செப்டம்பரில் கில்பர்ட் புகையிலைக் கொட்டகையின் உச்சிக் கழியில் இலை தொங்கவிட ஏறினான். கழி முறிந்தது. தரையில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. மகள் சூக்கிக்கு அப்போது ஒன்பது வயது.

அடக்கம் முடிந்த நாலாம் நாளே, திருச்சபையில் ஏழைகள் கணக்கைப் பார்க்கிற வார்டன் ஹெஸ்கெத் குதிரையில் வந்து நின்றார். தகப்பன் இல்லாத பிள்ளையைக் காப்பாற்றத் தாய்க்கு வக்கில்லை என்றால், அந்தப் பிள்ளையை எடுத்து ஒரு வீட்டில் ஒப்பந்த வேலைக்குக் கட்டிவைப்பது எங்கள் கவுண்டியின், அதாவது எங்கள் மாவட்டத்தின், வழக்கம். எந்த வீட்டில் என்று வார்டன்தான் சொல்வார். பெரும்பாலும் அது வார்டனின் வீடாகவோ அவர் மச்சான் வீடாகவோ இருக்கும்.

"பொம்பளை தனியா புகையிலை போட்டு நான் பார்த்ததில்ல, ரோடா" என்றார். "பொண்ணை என் வீட்டுல விடு. நூல் நூக்கக் கத்துக்கட்டும். சோத்துக்குக் கவலையில்ல."

"எத்தனை வருஷத்துக்கு?"

"பதினெட்டு வயசு வரைக்கும்தான்."

"ஒம்பது வருஷம். நான் ஏழு இருந்து பார்த்தவ ஐயா. நூல் நூக்க நானே கத்துக் குடுத்துக்கறேன்."

விஷயம் கவுண்டி கோர்ட்டுக்குப் போனது. நீதிபதிகள் அவளுக்கு அடுத்த வருஷத்து அறுவடை வரை தவணை கொடுத்தார்கள். அவளே பயிர் செய்த புகையிலையில் ஒரு முழுப் பீப்பாய், ஆற்றங்கரை அரசாங்கக் கிட்டங்கியில் சோதனை போட்டு, தேறியது என்று சீட்டு வாங்கி, அதற்கடுத்த பிப்ரவரி அமர்வில் கொண்டுவந்து காட்ட வேண்டும். தொள்ளாயிரத்து ஐம்பது பவுண்டுக்கு ஒரு பவுண்டு குறைந்தாலும் அது முழுப் பீப்பாய் இல்லை. காட்டினால் பிள்ளை தாயோடு. காட்டாவிட்டால் அன்றைக்கே கையெழுத்து, அன்றைக்கே சூக்கி ஹெஸ்கெத்தின் வண்டியில்.

அந்த வருஷம் அவள் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். நாற்று விட்டாள், மண்ணைக் குவித்துக் குவித்து ஆயிரக்கணக்கில் நட்டாள், நுனி கிள்ளினாள், பக்கத்தில் முளைக்கிற கண்ணை எல்லாம் ஒடித்தாள். ஜூலை வெயிலில் தாயும் மகளும் வரிசை வரிசையாகக் குனிந்து, இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் விரல் தடிமன் பச்சைப் புழுவை எடுத்து நசுக்கினார்கள். சூக்கிக்கு முதலில் வாந்தி வந்தது. பிறகு பழகிவிட்டது. கழியேறித் தொங்கவிடும் நாளில் அண்ணி பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கில்பர்ட் விழுந்த அதே இடத்துக்கு ஏறினாள். நான் ஏறுகிறேன் என்றேன். "கீழ நின்னு எடுத்துக் குடு, போதும்" என்றாள்.

என் புகையிலைக் காடு அவளுடையதற்கு அடுத்தது. அந்த வருஷம் என் காட்டில் புழு நன்றாக விளைந்தது. அதை இத்தோடு விடுகிறேன்.

புகையிலையை வெட்டிய பிறகு, நின்ற தூரிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும். பார்க்க இலை மாதிரிதான் இருக்கும். மெலிசு, மணமில்லை, கப்பல் லண்டன் போய்ச் சேருவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதை வெட்டி மண்ணில் போட வேண்டும் என்பது சட்டம். கிட்டங்கிகள் வருவதற்கு முன்னால் யாரும் அப்படிச் செய்ததில்லை. எங்கள் அப்பா பீப்பாய்க்குப் பாதி மறுதாம்புதான் அடைப்பார். மேலே ஒரு முழம் நல்ல இலை, கீழே ஒரு முழம் நல்ல இலை. நடுவில் யார் பார்க்கப் போகிறார்கள்? எங்கள் தலைமுறைக்கு இது திருட்டு என்றே தோன்றியதில்லை. சட்டம் மாறியது, எங்கள் கை மாறவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் பனிமூட்டம் நன்றாக இறங்கியது. அடைப்பதற்கு அப்படிப்பட்ட நாள்தான் வேண்டும். இலையை விரல் முட்டியின் மேல் இழுத்துப் பார்த்தால் முறியவும் கூடாது, கசியவும் கூடாது. அந்தப் பதம் சில மணி நேரம்தான் நிற்கும். அண்ணி பாதிப் பீப்பாய் அடைத்திருந்தபோது சூக்கி காய்ச்சல் ஏறி உளற ஆரம்பித்துவிட்டாள்.

"பார்னபி, மீதியை அடைச்சு மூடிரு. பதம் போயிரும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

குவியலைப் பார்த்தேன். எடைக்குக் குறையும் போலத் தோன்றியது. என் கொட்டகையிலிருந்து மறுதாம்பைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, மேலே நல்ல இலை பரப்பி, அழுத்தி மூடினேன். அண்ணிக்குத் தெரியாமல் ஓர் உபகாரம் செய்தோம் என்று அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் வடமேற்கிலிருந்து வறட்டுக் காற்று; அதில் பீப்பாயைத் திறந்து சோதனை போட முடியாது. கோர்ட்டு வியாழக்கிழமை. புதன் விடியும்போது காற்று திரும்பி, தூறல் போட்டது. இரண்டு பீப்பாய்க்கும் அச்சாணி அடித்து, ஏர்க்கால் மாட்டி, அவளுடையதைப் பெண்குதிரையிலும் என்னுடையதை என் எருதிலும் பூட்டி, பீப்பாயையே சக்கரமாக உருட்டிக்கொண்டு கிளம்பினோம். பிள்ளையையும் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்று ஹெஸ்கெத் சொல்லியிருந்ததால் சூக்கியும் கூட நடந்தாள். கழுத்துவரை பொத்தான் போட்ட சுத்தமான உடுப்பு. அவள் துணிமூட்டையையும் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. அண்ணி கொண்டுவரவில்லை.

பதினொரு மைல் சேற்றில் மூன்று வார்த்தை பேசியிருப்பாள். நான் விசிலடித்துக்கொண்டு வந்தேன். கிட்டங்கி தெரிந்ததும் விசில் நின்றுவிட்டது. செங்கல் சூளையில், சோதனையில் தேறாத யாருடைய பீப்பாயோ முழுசாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குச் சொந்தக்காரன் தலையைப் பிடித்துக்கொண்டு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் முதல்முறையாக அண்ணியின் பீப்பாயைத் திரும்பிப் பார்த்தேன்.

சோதனைக்காரர் கிரிம்ஷா ஒல்லியான மனிதர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. கூட இன்னொரு சோதனைக்காரரும் உண்டு. அவர் தலையாட்டுவதோடு சரி. புகையிலையைக் குத்திப் பார்க்கும் கம்பியைப் பிடிப்பவன் மிங்கோ. ஹெஸ்கெத்தின் அடிமை, கிட்டங்கிக்கு வாடகைக்கு விடப்பட்டவன். இலையைப் பற்றி அந்த இரண்டு பேருக்கும் தெரிந்ததை விட அவனுக்கு அதிகம் தெரியும் என்பது ஆற்றங்கரைக்கே தெரியும்.

பீப்பாயின் பலகைக் கூட்டை மேலே உருவினார்கள். அழுத்திய புகையிலை தனியாக, பழுப்பாக, ஆளுயரத்துக்கு நின்றது. சட்டப்படி மூன்று இடத்தில் கம்பியை இறக்கிப் பிளக்க வேண்டும். மிங்கோ தலைக்குப் பக்கத்தில் முதல் குத்து குத்தினான். கிரிம்ஷா ஒரு கத்தை உருவி, முகர்ந்து, கசக்கிப் பார்த்தார். "நல்லாருக்கு."

இரண்டாவது குத்து. நடுவுக்கு ஒரு சாண் மேலே. கம்பி உள்ளே போகும்போது ஒரு கணம் தயங்கின மாதிரி இருந்தது. கத்தை வந்தது. நல்ல இலை.

"ரொம்ப நல்லாருக்கு. யார் உலர்த்திப் பாடம் பண்ணினது?"

"நான்தான்" என்றாள் அண்ணி. சூக்கியின் தோளைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

மிங்கோ மூன்றாவதற்குக் கம்பியைத் தூக்கினான். இப்போது பிடித்தால் முழுசும் சூளைக்குப் போகும், நாமே சொன்னால் பொறுக்கி எடுக்கவாவது விடுவார்கள் என்று ஒரு நினைப்பு. அதற்கு அடியில், உண்மையைச் சொல்லிவிட்ட நல்லவனாக நிற்கலாம் என்ற நப்பாசையும் இருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐயா, நிறுத்துங்க! நடுவுல மறுதாம்பு இருக்கு. நான்தான் வச்சேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது!"

கிரிம்ஷா அண்ணியைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தாள்.

"உன்னை யார்ரா வாயைத் திறக்கச் சொன்னது?" என்றாள் மெதுவாக.

"அண்ணி, நான் உங்களுக்காக..."

"எனக்கு அன்னிக்கே தெரியும். நாலு இலை மூடிக்கு வெளிய நீட்டிட்டிருந்துச்சு. வறட்டுக் காத்துல பிரிச்சா அத்தனையும் பொடியாயிரும், என்ன செய்ய? மூணு குத்துல தப்பிச்சா தப்பிக்கட்டும்னு வந்தேன். ரெண்டு தப்பிச்சுது. ஒரு குத்து, பார்னபி. ஒரே ஒரு குத்து. அது வரைக்கும் உன்னால வாயை மூட முடியல."

செத்துவிடலாம் போல இருந்தது. அப்படிச் சாகிற ஆள் நான் இல்லை என்பதும் தெரிந்தது.

கிரிம்ஷா ஆற்றின் மேல் எவ்வளவு வெளிச்சம் மிச்சமிருக்கிறது என்று பார்த்தார். "சொந்தக்காரி பொறுக்கி எடுக்கலாம். சட்டம் இடம் குடுக்குது. பொழுது சாயறதுக்குள்ள தராசுக்கு வரணும். அப்புறம் பூட்டிருவேன். ராஜாவே வந்தாலும் திறக்க மாட்டேன்."

"ஈரக்காத்து இருக்கு. இலை முறியாது" என்றாள் அண்ணி. ஏற்கெனவே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

இலை இலையாகப் பிரித்தோம். மறுதாம்பு இடது பக்கம், நல்லது வலது பக்கம். சூக்கியின் விரல் எங்கள் விரலை விட வேகமாக ஓடியது. எது எது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிங்கோ பிரித்ததை வாரிக் கொண்டுபோய்த் திரும்பப் பீப்பாயில் அழுத்தினான். ஒருமுறை குனிந்தபோது அண்ணியிடம் முணுமுணுத்தான்.

"மூணாவதையும் சாய்ச்சுத்தான் விட்டிருப்பேம்மா. ரெண்டாவதுலயே கம்பிக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரியும்" என்றாள் அவள். "உன் முதுகுக்கு ஆபத்து."

அவன் சூக்கியைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். அவன் மகளை, ஹெஸ்கெத் தன் மகளின் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்து நூறு மைலுக்கு அப்பால் அனுப்பி இரண்டு வருஷமாகிறது. அதற்கு எந்தக் கோர்ட்டும் தவணை கொடுக்கவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது பீப்பாயைத் தராசில் ஏற்றினார்கள். கிரிம்ஷா எடைக்கல்லை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"எண்பது பவுண்டு குறையுது."

சூக்கி அழவில்லை. துணிமூட்டை எடுத்து வரவில்லையே என்றுதான் கேட்டாள். "அம்மா, என் இன்னொரு உடுப்பு வீட்டுலயே இருக்கே?" அதைக் கேட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அண்ணி எழுந்தாள். முழங்காலிலிருந்து சேற்றைத் தட்டிவிட்டாள்.

"பார்னபி, உன் பீப்பாயைத் திற."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை உங்களிடமும் மறைத்தேன். அன்றைக்குக் குவியல் குறையவில்லை. அண்ணியின் இலை ஒரு முழுப் பீப்பாய்க்கு நன்றாகவே வரும். என் காட்டில் விளைந்தது புழுதான். கையில் இருந்தது மறுதாம்பும் ஓட்டை இலையும். மேலே ஒரு முழம் கீழே ஒரு முழம் மூடுவதற்கு நல்ல இலை வேண்டியிருந்தது. அவளுடையதிலிருந்து எடுத்தேன். எடுத்த இடத்தை என் குப்பையால் நிரப்பினேன். ஒரு குடும்பத்துப் புகையிலைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"அண்ணி, அதைச் சோதனைக்கு நாளைக்குத்தான்..."

"திற."

"அதுல என்ன இருக்குன்னு உங்களுக்கு..."

"என் இலை எனக்குத் தெரியாதா? நான் நட்டது, நான் கிள்ளினது. மேலயும் கீழயும் இருக்கறது என்னோடது. நடுவுல இருக்கறதை நீயே வச்சுக்க."

கிரிம்ஷா குறுக்கே வந்தார். "யோசிச்சுக்க, பார்னபி பிரூயிட். பிரிச்சா நான் பார்த்தாகணும். பார்த்தா எரிச்சாகணும்."

யோசித்தேன். உடனே பாய்ந்து திறந்தேன் என்று சொன்னால் பொய். அந்த ஒரு பீப்பாயில்தான் அடுத்த வருஷத்து உப்பு, துணி, மண்வெட்டி, என் வரி எல்லாம் இருந்தது. பொழுது சாய்ந்துகொண்டே இருந்தது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. அண்ணி கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன் என்றுகூட நினைக்கிறேன். அவள் கெஞ்சவில்லை. கையை நீட்டிக்கொண்டு, கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறவளாக நின்றாள். சுத்தியலை எடுத்து முதல் வளையத்தைத் தட்டினேன்.

மேல் முழத்தை உருவினோம். அது போதவில்லை. கீழ் முழத்துக்காக முழுசையும் சாய்த்தோம். நடுவிலிருந்த என் சரக்கு சேற்றில் கொட்டியது. கிட்டங்கியில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். தராசு ஒரு பக்கம் இழுத்து, நடுங்கி, நேராக நின்றது. தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று. கிரிம்ஷா சீட்டெழுதி முடிக்கும்போது இறகுப் பேனாவின் முனை தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது. அவர் பின்னால் என் வருஷம் சூளையில் எரிந்துகொண்டிருந்தது.

விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் கோர்ட்டில் சீட்டைப் பார்த்ததும் ஹெஸ்கெத் எழுந்தார்.

"கனம் நீதிபதிகளே, சீட்டு நல்ல சீட்டுதான். ஆனா பயிர் இவ போட்டதில்ல. இவ கொழுந்தன் போட்டது. போன மாசம் மதுக்கடையில அவனே சொன்னான், என் காதால கேட்டேன். 'நான் இல்லன்னா அண்ணி காட்டுல புல்லுதான் முளைச்சிருக்கும்'னான். அவனுக்கு நாளைக்கு ஒருத்தி வந்துட்டா, இவளையும் பிள்ளையையும் சபைதான் சுமக்கணும்."

சொன்னேன்தான். இரண்டு குவளை சைடர் உள்ளே போனால் நான் வர்ஜீனியாவுக்கே புகையிலை போட்டுக் கொடுத்தவன்.

தலைமை நீதிபதி அண்ணியைக் கேட்டார். "உனக்கு உதவிக்கு ஆம்பளை யாரு இருந்தா?"

"யாருமில்ல ஐயா" என்றாள். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

என்னைக் கூப்பிட்டு வேதபுத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னார்கள். கோர்ட்டு நாள் என்றால் ஊரே இருக்கும். என்னோடு குடித்தவர்கள், எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும். ஜன்னலுக்கு வெளியே கசையடிக் கம்பம் தெரிந்தது. நேற்று கிட்டங்கியில் வந்த தைரியம் இன்றைக்குத் தேடினாலும் கிடைக்கவில்லை. சும்மா 'இல்லை' என்று சொன்னால் ஹெஸ்கெத் விடமாட்டார். முழுசையும் சொல்ல வேண்டும்.

"நான் செஞ்சது ரெண்டு காரியம் ஐயா" என்றேன். "அவங்க நல்ல இலையை எடுத்து என் பீப்பாயில வச்சேன். என் குப்பையை அவங்க பீப்பாயில வச்சேன். மத்ததெல்லாம் அவங்க செஞ்சது. மதுக்கடையில சொன்னது பொய்."

பின்னால் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நீதிபதி மேஜையைத் தட்டினார்.

"சொந்த அண்ணி பயிரைத் திருடினேன்னு சத்தியம் பண்றியா?"

"ஆமா ஐயா."

"ரோடா பிரூயிட், இவன் மேல வழக்குப் போடறியா?"

அவள் என்னைப் பார்க்க எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு அந்தப் பதினொரு மைலை விட நீளமாக இருந்தது.

"அது எங்க வீட்டு விவகாரம் ஐயா" என்றாள். "என் பொண்ணு விஷயத்தை முடிச்சுக் குடுங்க."

முடித்துக் கொடுத்தார்கள். ஹெஸ்கெத் கையெழுத்தாகாத ஒப்பந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

கோர்ட்டுப் படியில் சூக்கி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதாள். அண்ணியும் அழுதாள். நான் அவளை அழுது பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். கில்பர்ட் செத்தபோதுகூட இல்லை. எனக்கு அங்கே நிற்கவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை. எருதை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நாளைக்கு நாத்துப் பாத்திக்கு மண்ணை எரிக்கணும். வெறகு வெட்ட ஆள் வேணும். வந்துரு."

"அண்ணி..."

"கொட்டகைக்குள்ள கால் வச்சே, காலை ஒடிச்சுருவேன்."

இருபது வருஷமாகிறது. சூக்கிக்குக் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். அந்தக் காட்டுக்கு நான் விறகு வெட்டியிருக்கிறேன், உழுதிருக்கிறேன், புழு எடுத்திருக்கிறேன். புகையிலையை வெட்டிச் சுமந்துவந்து, கொட்டகை வாசலில் வைத்துவிட்டு நின்றுகொள்வேன். உள்ளேயிருந்து அவள் கை வந்து வாங்கிக்கொள்ளும்.